சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறது, ஏன்?

மொட்டைமாடி
அனைவருக்கும் வணக்கம். இந்த வாடகை வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. படுக்கையறையில் 9 வாட் எல்இடி பல்பு. இரவில் சுவிட்சை அணைத்தால் அது முழுவதும் அணைவதில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தால் மின்மினி அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிகிறது. பல்பைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டேன், அதுவும் அப்படித்தான். மாடிப்படிப் பல்பு இன்னும் மோசம். அணைத்த பிறகு நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி அடங்குகிறது. அம்மா அந்தப் படியில் இரவில் ஏற மறுக்கிறார்.

நான் படித்தது வணிகவியல். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்குப் பணம் கட்டுவது மட்டுமே. சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நின்றுவிட வேண்டாமா? இதற்கும் மீட்டர் ஓடுமா? அடிப்படையிலிருந்து யாராவது விளக்கினால் நல்லது.

திண்ணைவாசி
முன்பு குடியிருந்தவர் கட்டாமல் போன மின் கட்டணத்தின் ஆவியாக இருக்கும்.

செம்புக்கம்பி
தம்பி, பயப்பட ஒன்றுமில்லை. 31 ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்தவன் சொல்கிறேன். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். மாடிப்படி சுவிட்சில் சின்னதாகச் சிவப்பு விளக்கு இருக்கிறதா? இருந்தால், அது சுவிட்சை அணைத்திருக்கும்போது எரிகிறதா, போட்டிருக்கும்போது எரிகிறதா? படுக்கையறைக்கு டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அதை நீங்கள் செய்ய வேண்டாம். வயர்மேன் வரும்போது, சுவிட்சை அணைத்த நிலையில் ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி
ஐயா, மாடிப்படி சுவிட்சில் சிவப்புப் பொட்டு ஒன்று இருக்கிறது. அணைத்தால்தான் எரிகிறது. படுக்கையறை சுவிட்சில் எதுவும் இல்லை. வயர்மேன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லும் ஞாயிறு எந்த ஞாயிறு என்று தெரியவில்லை.

கரும்பலகை
ஞாயிறு வருவதற்குள் பாடத்தை முடித்துவிடலாம். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மாணவர்களிடம் முதல் நாளில் கேட்கும் கேள்வி இது: மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்கிறீர்களே, எங்கே போகிறது என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

மின்சாரம் பல்புக்கு வந்து அங்கே தீர்ந்துபோவதில்லை. ஒரு கம்பி வழியாக வந்து, பல்பின் வழியே புகுந்து, இன்னொரு கம்பி வழியாகத் திரும்பிப் போகிறது. வந்த அளவு சிறிதும் குறையாமல் திரும்புகிறது. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை மட்டுமே. இந்தச் சுற்று எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் எல்லா இடத்திலும் ஓட்டம் நிற்கும். சுவிட்ச் செய்வது அந்த அறுப்பைத்தான். ஆகவே அணைத்த பிறகும் பல்பு எரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சுவிட்சைத் தவிர்த்து, திரும்பிப் போக அதற்கு வேறு எந்த வழி கிடைத்தது?

மூன்று சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தின் அளவு மின்னோட்டம், அதை ஆம்பியரில் சொல்கிறோம். ஓட வைக்கும் உந்துதல் மின்னழுத்தம், அது வோல்ட்டில். ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை, அது ஓமில். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். ஜெர்மானியரான கியார்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இது. வீட்டுக் கணக்குகளில் பாதி இந்த ஒரு வகுத்தலில் முடிந்துவிடும்.

மொட்டைமாடி
டீச்சர், மேல்நிலைத் தொட்டி உதாரணம் கேள்விப்பட்டிருக்கிறேன். தொட்டியின் உயரம் வோல்டேஜ், குழாயில் ஓடும் நீர் கரண்ட், குழாயின் குறுகல் தடை. அது சரிதானா?

நெல்லைக்காற்று
எனக்கு அந்த உதாரணமே பிடிக்காது. குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும். கம்பியை அறுத்தால் கரண்ட் கொட்டுகிறதா? நீர் உதாரணத்தால்தான் என் தங்கை பத்து வயது வரை, காலியாக இருக்கும் பிளக் ஓட்டையிலிருந்து மின்சாரம் ஒழுகும் என்று நம்பி எல்லாவற்றிலும் பஞ்சு அடைத்து வைத்தாள்.

கரும்பலகை
பஞ்சு அருமை. தொட்டி உதாரணம் உயர வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உதவும், சுற்றைப் புரிந்துகொள்ள உதவாது. சுற்றுக்கு சைக்கிள் செயின் நல்ல உதாரணம். மிதித்த அந்தக் கணமே பின் சக்கரம் சுற்றுகிறது. ஆனால் பெடல் பக்கத்துக் கண்ணி பின் சக்கரத்தை அடைய நேரமாகும். எல்லாக் கண்ணிகளும் ஒன்றாக நகர்வதால்தான் உடனே வேலை நடக்கிறது. செயின் எங்கே அறுந்தாலும் வண்டி நின்றுவிடும்.

செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் அப்படித்தான். கம்பி முழுக்க முன்பே நிறைந்திருக்கின்றன. 2.5 சதுர மி.மீ. கம்பியில் 10 ஆம்பியர் ஓடும்போது அவை நகரும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.3 மி.மீ. எறும்பு முந்திவிடும். அதிலும் நம் வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம், விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருவது. மரவாடியில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரம்பம் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரம்பம் எங்கேயும் பயணம் போவதில்லை, இருந்த இடத்திலேயே போய் வருகிறது. மரம் மட்டும் அறுபடுகிறது. நம் கம்பியில் ஓர் எலக்ட்ரான் ஆடும் தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மேட்டூரில் கிளம்பிய எலக்ட்ரான் எதுவும் உங்கள் பல்புக்கு வந்து சேரவில்லை.

மொட்டைமாடி
ரம்பம் நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரு பெரிய சந்தேகம். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியிலும் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியிலும் ஒரே அளவு கரண்ட் ஓடுகிறது என்றால், ஃபேஸ் மட்டும் ஏன் ஷாக் அடிக்கிறது? ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் பிடி இருக்கிறதே?

செம்புக்கம்பி
நல்ல கேள்வி. இதைத் தெரியாமலே பத்து வருடம் வேலை பார்க்கும் வயர்மேன்கள் இருக்கிறார்கள்.

தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குப் போங்கள். 11,000 வோல்ட்டாக வருவதை அது குறைத்து, நான்கு கம்பிகளாகத் தெருவுக்கு அனுப்புகிறது. மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். அந்த நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் அடியிலேயே மண்ணில் இறக்கியிருப்பார்கள். ஆக நியூட்ரல் கம்பியும் நீங்கள் நிற்கும் தரையும் ஏறத்தாழ ஒரே மட்டம். மட்ட வேறுபாடு இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை. ஃபேஸ் அப்படி இல்லை. அதைத் தொட்டுக்கொண்டு தரையில் நின்றால் உங்கள் கைக்கும் காலுக்கும் இடையே 230 வோல்ட். மண் வழியே டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்குத் திரும்பிப் போக நீங்களே வழி ஆகிவிடுகிறீர்கள்.

கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இறக்கை விரித்து அடுத்த கம்பியைத் தொட்டால் கதை முடிந்தது.

ஆனால் தம்பி, நியூட்ரல்தானே என்று நம்பிக் கை வைத்துவிடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், பல்பு வழியாக வந்த ஃபேஸ் அந்த அறுந்த முனையில் காத்துக்கொண்டிருக்கும். நிறம் கறுப்பாகவே இருக்கும், அடி சிவப்பாக இருக்கும்.

நெல்லைக்காற்று
நியூட்ரல் அறுந்த கதை எங்கள் தெருவில் நடந்தது. ஒரு மழை இரவில் வீட்டு ஃபேன் திடீரென்று புயலாகச் சுற்றியது, டியூப்லைட் கண்ணைக் கூசியது, டிவியிலிருந்து புகை வந்தது. எதிர் வீட்டிலோ விளக்கு செத்துப்போன மாதிரி மங்கிவிட்டது. கம்பத்தில் நியூட்ரல் கழன்றிருந்தது என்று லைன்மேன் மறுநாள் சொன்னார். ஆனால் கம்பி கழன்றால் கரண்ட் நிற்கத்தானே வேண்டும், எப்படிக் கூடும் என்பது இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

கரும்பலகை
இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கிறது. உங்கள் வீடு ஒரு ஃபேஸிலும் எதிர் வீடு இன்னொரு ஃபேஸிலும் இருந்திருக்கும். நியூட்ரல் போனதும் உங்கள் வீடும் எதிர் வீடும் அந்த 400 வோல்ட்டுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த மாதிரி ஆகிவிட்டன. உங்கள் வீட்டு மின்சாரம் திரும்பிப் போக எதிர் வீட்டைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டிலும் ஒரே ஓட்டம். எங்கே தடை அதிகமோ அங்கே அதிக வோல்ட் விழும். எதிர் வீட்டில் கெய்சர் மாதிரி ஏதாவது ஓடியிருக்கும், அதாவது தடை குறைவு. உங்கள் வீட்டில் ஒரு ஃபேன், ஒரு லைட், டிவி, அதாவது தடை அதிகம். 400-இல் பெரும்பங்கு உங்கள் தலையில் விழுந்தது.

வழுக்குப்பாறை
எர்த், அதாவது கருவிகளின் உலோக உடலை மண்ணோடு இணைக்கும் கம்பி, சரியாக இருந்தால் இந்த எந்தத் தொல்லையும் வராது. மின்சாரம் எப்போதும் தடை குறைந்த வழியில்தான் போகும். எர்த் கம்பி இருந்தால் மொத்தமும் பூமிக்குள் இழுக்கப்பட்டுவிடும், நம்மைத் தொடாது. பூமி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கும்.

செம்புக்கம்பி
நண்பரே, கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு வாக்கியத்தில் நான்கும் தப்பு. நியூட்ரல் கழன்றால் எர்த் டிவியைக் காப்பாற்றாது. மற்ற மூன்றை டீச்சர் நாசூக்காகச் சொல்லட்டும்.

கரும்பலகை
நாசூக்காகவே சொல்கிறேன். தடை குறைந்த வழியில் மட்டும் போகும் என்றால், ஃபேன் ஓடும்போது பல்பு எரியக் கூடாது. கிடைத்த எல்லா வழியிலும் மின்சாரம் பிரிந்து போகும். தடை குறைந்த வழியில் அதிகம், கூடிய வழியில் கொஞ்சம். மனித உடம்புக்கு அந்தக் ‘கொஞ்சம்’ போதும். ஈரக் கையோடு உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பங்கே போதும்.

பூமி குடிப்பதுமில்லை. மண்ணுக்குள் போன மின்சாரம் அதே டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலைத் தேடித்தான் போகிறது. முழுச் சுற்று அங்கேயும் உண்டு. நடுவில் கம்பிக்குப் பதில் மண்.

செம்புக்கம்பி
அந்த மண் எப்படிப்பட்டது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கெய்சருக்குள் ஃபேஸ் கம்பி உரசி உடலைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் கம்பி மண்ணில் இறங்கும் எர்த் குழி ஈரமாக, நன்றாக இருந்து வழியின் மொத்தத் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் ஓடும். அளவு மீறி ஓடினால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் 16 ஆம்பியர் எம்சிபி ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். சித்திரை மாதத்தில் குழி வறண்டு தடை 50 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஓடுவது 4.6 ஆம்பியர். எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அது கம்பி சூடாகாமல் காக்கப் பிறந்தது, உங்களைக் காக்க அல்ல. கெய்சர் உடலில் ஏறத்தாழ 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். குளிக்கப் போகிறவருக்குத் தெரியாது.

அதனால்தான் பழைய ஆட்கள் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். இன்று அந்தக் குழிமேல் டைல்ஸ் ஒட்டிக் கார் நிறுத்துகிறார்கள்.

யாழ்தென்றல்
எங்கள் பக்கம் இதற்குத்தான் டிரிப் சுவிட்ச் வைத்திருக்கிறோம். நீங்கள் எம்சிபி என்பது அதுவா?

செம்புக்கம்பி
இல்லை அம்மா. நீங்கள் சொல்வதை இங்கே ஆர்சிசிபி என்போம், பழக்கத்தில் ஈஎல்சிபி என்றும் சொல்வார்கள். அதன் வேலை, டீச்சர் முதலில் சொன்னாரே, போன அளவு திரும்ப வருகிறதா என்ற கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அது பார்க்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் அதற்குள் ஒரே வளையத்தின் ஊடாகப் போகின்றன. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்துவிடும். 100 போய் 99 திரும்பினால், மீதி ஒன்று யாருடைய உடம்பு வழியாகவோ போகிறது என்று பொருள். வீட்டுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே விழும். வறண்ட எர்த் குழியில் ஓடிய 4.6 ஆம்பியர் அதற்கு மிகப் பெரிய ஓட்டம், இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். ஆனால் பிளாஸ்டிக் முக்காலிமேல் நின்று ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் அதுவும் கைவிட்டுவிடும். அப்போது போனது முழுக்கத் திரும்புகிறது, உங்களைப் பல்பு என்றே நினைத்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

மொட்டைமாடி
எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் ஒரே மட்டம் என்றால், எர்த் கம்பி தனியாக எதற்கு? பிளக்கிலேயே இரண்டையும் சேர்த்துவிடலாமே?

செம்புக்கம்பி
கூடவே கூடாது. ஒரு வீட்டில் ஒருவர் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தார், எர்த் கம்பி மிச்சமாம். அந்த நியூட்ரல் பின்னால் எங்காவது கழன்றால், வாஷிங் மெஷினுக்குள் போன ஃபேஸ் அதன் சுற்று வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, அங்கிருந்து நேராக மெஷின் உடலுக்கு வந்துவிடும். மெஷின் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று தொட்டுப் பார்க்க ஆள் வரும். எர்த் கம்பி வேலை இல்லாத நாளில் ஒரு துளி கரண்ட்டும் சுமக்கக் கூடாத கம்பி. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை மட்டும் நீளமாக வைத்திருப்பது, மற்ற இரண்டுக்கும் முன்னால் அது போய் ஒட்டி, கடைசியாகக் கழல வேண்டும் என்பதற்காக.

திண்ணைவாசி
கேலியை விட்டுக் கேட்கிறேன். லோ வோல்டேஜ் வந்தால் மீட்டர் வேகமாக ஓடும் என்கிறார்களே?

கரும்பலகை
கெய்சருக்கு ஓடாது. 2,000 வாட் கெய்சரின் தடை ஏறத்தாழ 26 ஓம். 230 வோல்ட்டில் அது 2,000 வாட் என்றால் 180 வோல்ட்டில் 1,225 வாட்தான். தண்ணீர் சுட அதிக நேரம் ஆகும், மொத்த யூனிட் பெரிதாக மாறாது. மோட்டார் வேறு சாதி. பாரம் குறையாதபோது வோல்ட் குறைந்தால் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். தண்ணீர் மோட்டார்கள் கோடையில் கருகுவது அப்படித்தான்.

மொட்டைமாடி
வயர்மேன் அடுத்த ஞாயிறு வந்தார். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

படுக்கையறை. சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பைக் கழற்றி, ஹோல்டரின் ஒரு முனையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. பிறகு மெயினை இறக்கிவிட்டு சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே காய்ந்துபோன ஒரு பல்லி. அதை ஸ்குரூடிரைவர் முனையால் தள்ளிவிட்டுக் கம்பிகளை வெளியே இழுத்தார். சுவிட்சில் இருந்த இரண்டு கம்பியும் கறுப்பு. சிவப்பு கம்பி சுவிட்சுக்கே வராமல் பெட்டி வழியாக நேராகக் கூரைக்குப் போயிருந்தது. “நியூட்ரலை வெட்டி சுவிட்ச் போட்டிருக்கிறான்” என்றார். அந்த ‘றான்’ யாரைக் குறிக்கிறது என்று கேட்கவில்லை.

சுவிட்ச் ஃபேஸை வெட்டும்படி மாற்றிக் கொடுத்தார். நேற்று இரவு அறை கும்மிருட்டு. ஆனால் எனக்குக் காரணம் இன்னும் பாதிதான் புரிகிறது. நியூட்ரல் வெட்டுப்பட்டால் சுற்று அறுந்ததுதானே? திரும்பும் வழி எது?

கரும்பலகை
பல்பிலிருந்து சுவிட்ச் வரை வரும் கம்பி, சுவருக்குள் ஒரே குழாயில் மற்றக் கம்பிகளோடு ஒட்டி ஓடுகிறது. ஒட்டி ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடாவிட்டாலும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்ளும். மாறுமின்னோட்டம் முன்னும் பின்னும் ஆடுவதால், இடைவெளியைத் தாண்டாமலேயே அந்த ஆட்டத்தில் மிகச் சிறிய பங்கு அப்பால் போய்ச் சேரும். உங்கள் 9 வாட் பல்பு முழுதாக எரிய 40 மில்லி ஆம்பியர் அல்லது சற்றுக் கூடுதலாக வேண்டும். இதுவோ ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு. பழைய குண்டு பல்பின் இழை அதில் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது, அதனால் அந்தக் காலத்தில் இந்தத் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. எல்இடிக்கு அதுவே போதும்.

மாடிப்படியில் வழி வேறு. அந்தச் சிவப்புப் பொட்டு ஒரு நியான் விளக்கு, சுவிட்சின் இரு முனைக்கும் குறுக்கே இருக்கிறது. சுவிட்ச் அணைந்தாலும் பொட்டின் வழியே கொஞ்சம் கசிந்து பல்புக்குப் போகிறது. பல்புக்குள் இருக்கும் மின்தேக்கி அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் ஒரு மின்னல், மறுபடி காலி.

மீட்டர் பற்றிக் கேட்டீர்கள். ஒரு மில்லி ஆம்பியர் முழுதாகக் கசிந்தாலும் 0.23 வாட். இரண்டு மாதம் இரவு பகலாக ஓடினால் மூன்றில் ஒரு யூனிட்.

செம்புக்கம்பி
கட்டணத்தை விடுங்கள். படுக்கையறையில் இத்தனை நாளும் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பல்பு மாற்றியிருக்கிறீர்கள், ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு முறை மாற்றியதாக எழுதினீர்கள்.

மொட்டைமாடி
ஒரு முறைதான் ஐயா. ஆனால் ஸ்டூலில் ஏறி, குளித்த ஈரத்தோடு. நீங்கள் சொன்ன பிறகுதான் முதுகு சில்லிடுகிறது.

மாடிப்படி சுவிட்சைச் சாதாரண சுவிட்சாக மாற்றிவிடலாம் என்றார் வயர்மேன். அம்மா மறுத்துவிட்டார். இருட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிய அந்தச் சிவப்புப் பொட்டு வேண்டுமாம். மின்னுவதற்குக் காரணம் தெரிந்துவிட்டதால் இப்போது பயம் இல்லையாம். ஆர்சிசிபி பற்றி வீட்டுக்காரரிடம் பேசினேன். போட்டுக்கொள்ளுங்கள், வாடகையில் கழிக்க மாட்டேன் என்றார்.

செம்புக்கம்பி
உங்கள் காசிலேயே போட்டுவிடுங்கள், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். எர்த் குழியைப் பார்த்தீர்களா?

மொட்டைமாடி
பார்த்தேன். கீழ்வீட்டார் அதன்மேல் துளசி மாடம் வைத்திருக்கிறார்கள்.

திண்ணைவாசி
அப்படியென்றால் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.